சுகாதார ஆய்வும் ஊர்ச்சனமும்: திருகோணமலை வகுப்புகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை நகரத்திலும் உப்புவெளி, நிலாவெளி, கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் பக்கங்களிலும் பொதுமக்களுக்குச் சுகாதார ஆய்வு பற்றிய சிறு வகுப்புகளை நாங்கள் சிலர் சேர்ந்து நடத்துகிறோம். வாசிகசாலை, கடற்றொழிலாளர் சங்கக் கட்டடம், பள்ளிவாசலை ஒட்டிய மண்டபம் என்று கதிரையும் மின்விசிறியும் கிடைக்கிற இடமெல்லாம் எங்களுக்கு வகுப்பறைதான். நான் இருபது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவள். வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்கத் தொடங்கிவிடும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

இது எதற்கான பயிற்சி?

நோய் பற்றி ஆராய ஊருக்குள் ஆட்கள் வருவது புதிதல்ல. பல்கலைக்கழகப் பிள்ளைகள் வருவார்கள், மருத்துவர்கள் வருவார்கள், சுகாதாரத் திணைக்களம் ஆளனுப்பும். அவர்கள் கேட்பார்கள், நாங்கள் பதில் சொல்வோம். அது ஆய்வில் பங்குபற்றுவது. எதை ஆராய்வது, எந்தச் சொல்லில் கேட்பது, எந்த நேரத்தில் படலையைத் திறந்துகொண்டு வருவது, கிடைத்த முடிவை ஊருக்கு எப்படிச் சொல்வது என்பதையெல்லாம் ஆய்வாளரோடு ஒரே மேசையில் இருந்து பேசுவது வேறு வேலை. அதைப் பங்காளியாவது என்கிறோம். வகுப்பு அதற்குத்தான்.

இது நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. பிரித்தானியாவில் தேசிய சுகாதார சேவையின் ஆய்வுகளில் பொதுமக்களைச் சேர்ப்பதற்கென்று 1996இலேயே ஒரு குழுவை அமைத்தார்கள். அந்த வேலை எப்படி நடக்கவேண்டும் என்று 2019இல் தர நியமங்களையும் வெளியிட்டார்கள். உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சிங்கிப் பிரகடனம் 1964இல் வந்தது. அதன் 2024ஆம் ஆண்டுத் திருத்தத்தில், மனிதரை ஆய்வுக்கு உட்படுகிற பொருள் போலக் குறித்த பழைய சொல்லை எடுத்துவிட்டுப் பங்குபற்றுபவர் என்று மாற்றினார்கள். ஆய்வு தொடங்க முன்னும், நடக்கும்போதும், முடிந்த பின்னும் சமூகத்தோடு கலந்து பேசவேண்டும் என்றும் எழுதினார்கள்.

ஆராய்ச்சி என்றால் எங்களை வைத்துப் பரிசோதனை செய்வதுதானே?

இந்தப் பயத்தில் பாதிக்கு எங்கள் மொழியில் உள்ள ஒரு சொல்தான் காரணம். கிளினிக்கில் இரத்தம் எடுத்துச் சீனி பார்த்தாலும் பரிசோதனை, ஆய்வுகூடத்தில் எலிக்கு மருந்து கொடுத்துப் பார்த்தாலும் பரிசோதனை. ஒருவர் வந்து "உங்களைப் பரிசோதனைக்கு எடுக்கப் போகிறோம்" என்றால் எந்தப் பரிசோதனை என்று எப்படித் தெரியும்?

வகுப்பில் சொற்களைப் பிரித்து வைத்திருக்கிறோம். முழு வேலைக்கும் ஆய்வு. இரத்தம், சலம், எக்ஸ்றே எல்லாம் டெஸ்ட், ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். புது மருந்தையோ சிகிச்சையையோ ஆட்களிடம் கொடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பது சோதனை ஆய்வு. சுகாதார ஆய்வுகளில் பலவற்றில் ஊசியும் இல்லை, குளிசையும் இல்லை. கேள்வி கேட்பது, நிறையும் பிரஷரும் அளப்பது, பழைய கிளினிக் பதிவுகளைப் பார்ப்பது என்பவற்றோடு முடிந்துவிடும்.

நான் சாதாரண தரம்கூடப் பாஸ் பண்ணவில்லை. வரலாமா?

வாருங்கள். வாசிக்கக் கஷ்டமானவர்களுக்குப் பக்கத்தில் ஒருவர் இருந்து வாசித்துச் சொல்வார். ஒரு வருத்தத்தோடு வாழ்ந்த அனுபவம், அல்லது வருத்தக்காரர் ஒருவரைப் பராமரித்த அனுபவம் இருந்தால் போதும். தாய்க்குப் பத்து வருடம் இன்சுலின் போட்ட மகளுக்கு என்ன சான்றிதழ் வேண்டும்?

டொக்டர்மாருக்குத் தெரியாதது எங்களுக்கு என்ன தெரியும்?

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். இரத்த அழுத்தம் பற்றிய வினாக்கொத்து ஒன்றைப் பயிற்சிக்காகக் கொடுத்தோம். உலக சுகாதார நிறுவனம் நாடு நாடாகப் பயன்படுத்தும் வினாக்கொத்தில் உள்ளது போன்ற ஒரு கேள்வி அதில் இருந்தது: சாப்பிடும்போதோ சாப்பிடத் தொடங்க முன்போ உணவில் எத்தனை தடவை உப்புச் சேர்க்கிறீர்கள்?

மீன்பிடிக் குடும்பத்து அக்கா ஒருவர் தாளைக் கீழே வைத்தார். "சாப்பிடேக்க ஆர் பிள்ளை உப்புப் போடுறது? சோறு வடிக்க முன்னமே போட்டாச்சு." பிறகு விரல் மடித்து எண்ணினார். கருவாடு. மோர்மிளகாய். காலையில் பழஞ்சோற்றுக்கு ஒரு கிள்ளு. பின்னேரம் கடற்கரையில் பிள்ளைகள் தின்னுகிற மாங்காய்க்கு உப்பும் தூளும். அந்தக் கேள்விக்கு எங்கள் பெண்கள் எல்லோரும் "ஒருபோதும் இல்லை" என்றுதான் குறி போடுவார்கள். அது பொய்யும் இல்லை. ஆனால் ஆய்வாளர் ஊருக்குத் திரும்பிப் போய், திருகோணமலையார் உப்புக் குறைவாகச் சாப்பிடுகிறார்கள் என்று எழுதிவிடுவார்.

சரி, எப்படிக் கேட்கலாம் என்று கேட்டேன். கரண்டிக் கணக்கு சரிவராது, மூன்று விரலால் கிள்ளித்தான் போடுகிறோம் என்றார்கள். கடைசியில் அந்த அக்காவே வழி சொன்னார். உப்புப் பக்கற்றை உடைக்கிற நாளை அந்தப் பக்கற்றிலேயே பேனையால் எழுதி வைப்பது, முடிகிற நாளில் பார்ப்பது. 400 கிராம் பக்கற் ஐந்து பேர் வீட்டில் பத்து நாளில் முடிந்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 கிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி. உடனே பின்வரிசையில் இருந்து இன்னொருவர், "மீன் கழுவுறதுக்கும் அதிலதானே எடுக்கிறனாங்கள், அது வயித்துக்குள்ள போறேல்லையே" என்றார். கணக்கில் உள்ள பிழையை ஒரு நிமிடத்தில் பிடித்துவிட்டார். மீன் கழுவ வேறு பக்கற் வைப்பது என்று முடிவானது. நான் பள்ளிக்கூடத்தில் அளவீட்டு வழு என்று படிப்பித்த பாடம் அதுதான், இவ்வளவு உயிரோடு ஒருநாளும் படிப்பித்ததில்லை.

வெளிநாட்டிலும் இப்படித்தான் நடந்திருக்கிறது. முடக்குவாத ஆய்வுகளில் எதை அளப்பது என்று தீர்மானிக்கும் சர்வதேச மாநாடு ஒன்றுக்கு 2002இல் முதல் தடவையாக நோயாளிகளையும் அழைத்தார்கள். நோவையும் மூட்டு வீக்கத்தையும் காலங்காலமாக அளந்துகொண்டிருந்த நிபுணர்களிடம், எங்களை வாட்டுவது அசதி, அதை ஏன் நீங்கள் அளப்பதில்லை என்று அவர்கள் கேட்டார்கள். சில வருடங்களில் அசதியும் அளக்கவேண்டிய பட்டியலில் சேர்ந்தது.

கைமருந்து விடயமும் சொல்லவேண்டும். "வேறு சிகிச்சை எடுக்கிறீர்களா?" என்று கேட்டால் எங்கள் ஆட்கள் இல்லை என்பார்கள். கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்திலேயே சித்த மருத்துவம் படிப்பிக்கிற மாவட்டம் இது, கசாயம் வைக்காத வீடு எது? வெந்தயம் ஊறவைத்த தண்ணீரையும் பாகற்காய்ச் சாற்றையும் யாரும் சிகிச்சை என்று நினைப்பதில்லை. "சீனி குறைய என்னென்ன குடிச்சுப் பாத்தனீங்கள்?" என்று கேளுங்கள், பட்டியல் வரும்.

வகுப்பில் என்ன படிப்பிப்பீர்கள்?

முதல் நாள் ஒரு கப்பல் கதை. துறைமுக ஊர் என்பதால் அது நன்றாகப் பிடித்துப்போகிறது. 1747இல் சாலிஸ்பரி என்ற பிரித்தானியக் கடற்படைக் கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் என்ற மருத்துவர் இருந்தார். முரசு வீங்கி, பல் ஆடி, உடல் சோர்ந்து மாலுமிகள் செத்துக்கொண்டிருந்த காலம். ஸ்கர்வி என்ற வருத்தம். அவர் 12 நோயாளிகளை எடுத்து இரண்டிரண்டு பேராகப் பிரித்தார். எல்லோருக்கும் ஒரே சாப்பாடு, ஒரே இடம். ஆனால் ஒரு சோடிக்கு வினாகிரி, இன்னொரு சோடிக்குக் கடல்தண்ணீர், இன்னொரு சோடிக்குத் தோடம்பழமும் எலுமிச்சையும், இப்படி ஒவ்வொன்று. தோடம்பழம் தின்ற இருவரும் ஒரு கிழமைக்குள் தேறினார்கள்.

கதையை நிறுத்திவிட்டுக் கேள்விகளை எடுக்கிறோம். ஏன் எல்லோருக்கும் தோடம்பழம் கொடுக்கவில்லை? ஒப்பிட ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும்? யாருக்கு எது என்பதை யார் தீர்மானிப்பது? கடைசிக் கேள்வியிலிருந்து எழுமாறாகத் தெரிவது என்பதற்குப் போவோம். சீட்டுப் பிடிக்கிற பெண்களுக்கு அது விளக்கத் தேவையில்லை. பெயரை எழுதிச் சுருட்டிக் குலுக்கி எடுத்தால் தலைவிக்கு வேண்டியவள் என்று யாருக்கும் முதல் சீட்டு விழாது. மருந்து ஆய்விலும் தேறக்கூடியவர்களாகப் பார்த்து ஒரு பக்கம் சேர்த்துவிடக் கூடாது என்பதற்குத்தான் அந்தக் குலுக்கல்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒரு பக்கத்தாருக்குக் கொடுக்கிற வெற்று மருந்து என்பதை விளக்கத்தான் நேரம் எடுக்கும். சில புத்தகங்களில் போலி மருந்து என்று இருக்கிறது. அந்தச் சொல்லை வகுப்பில் பயன்படுத்தினால் காரியம் கெட்டுவிடும், போலி மருந்து என்றால் எங்களுக்குக் கள்ள மருந்து. மருந்துச் சத்து இல்லாத, பார்வைக்கு ஒரேமாதிரியான குளிசை என்று நீட்டி முழக்கியே சொல்கிறோம். நோய்க்கு நிச்சயமாக வேலை செய்யும் மருந்து ஒன்று ஏற்கனவே இருக்கும்போது அதை மறித்துவிட்டு வெற்று மருந்து கொடுப்பது பொதுவாக அறத்துக்குப் புறம்பானது என்பதையும் சேர்த்துச் சொல்வோம்.

கதையின் மிச்சம் இரண்டு விடயம். அந்தக் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாகக் கொடுக்கத் தொடங்கியது 1795இல், 48 வருடம் கழித்து. ஆய்வு சரியாக நடந்தால் மட்டும் போதாது, முடிவு போய்ச் சேரவும் வேண்டும். மற்றது, அந்த 12 பேரிடமும் சம்மதம் கேட்டதாக எங்கும் இல்லை. கடல்தண்ணீர் குடித்த இருவரின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள் என்று சொல்லித்தான் அடுத்த வகுப்புக்குப் போவோம்.

சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட முன் என்ன பார்க்கவேண்டும்?

இதற்கு இரண்டு வகுப்பு முழுதாகப் போகும், போகவும் வேண்டும்.

முதலில் மொழி. படிவம் உங்களுக்கு விளங்கும் மொழியில் இருக்கவேண்டும். ஆங்கிலத் தாளைக் காட்டி "சும்மா ஒரு சைன்" என்றால் பேனையைக் கையில் எடுக்காதீர்கள். பிறகு, என்ன ஆய்வு, யார் செய்கிறார்கள், காசு யார் கொடுக்கிறார்கள், எனக்கு என்ன செய்வார்கள், எத்தனை தடவை வருவார்கள், இரத்தம் எடுத்தால் எவ்வளவு, மிச்ச இரத்தத்தை என்ன செய்வார்கள், ஏதும் கெடுதி வந்தால் யார் பொறுப்பு, இடையில் விலகலாமா, விலகினால் கொடுத்த தகவலுக்கு என்ன நடக்கும், கேள்வி இருந்தால் யாருக்கு டெலிபோன் எடுப்பது. இவ்வளவும் அந்தத் தாளில் இருக்கவேண்டும். ஒரு பிரதி உங்கள் வீட்டில் இருக்கவேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோய் யோசித்து நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

ஏன் இவ்வளவு கவனம் என்று கேட்பவர்களுக்கு டஸ்கீகியில் நடந்ததைச் சொல்வோம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 1932 முதல் 1972 வரை ஏறத்தாழ 600 கறுப்பின ஆண்களை அரசாங்கச் சுகாதார சேவை அவதானித்து வந்தது. அவர்களில் 399 பேருக்குச் சிபிலிஸ். வருத்தத்தின் பெயரைக்கூட அவர்களுக்குச் சொல்லவில்லை, கெட்ட இரத்தம் என்றார்கள். 1940களின் இறுதியில் பெனிசிலின் அந்த நோய்க்கு வழக்கமான மருந்தாகிவிட்டது, அதற்குப் பிறகும் கொடுக்கவில்லை. நாற்பது வருடம் அந்த ஆண்கள் தொடர்ந்து வந்ததற்கு ஒரு காரணம், ஊருக்கு நன்கு பழக்கமான ஒரு தாதி அவர்களை அழைத்து வந்ததுதான்.

இந்தக் கடைசி வரியை நான் வகுப்பில் இரண்டு தடவை சொல்வேன். நாங்கள் பழக்குகிற ஆட்களும் ஊருக்குப் பழக்கமான முகங்கள். ஆய்வாளருக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர்களாக அவர்கள் ஒருநாளும் மாறக்கூடாது. "எங்கட அக்கா சொன்னா" என்பதற்காக ஒருவர் கையெழுத்துப் போட்டால் அது சம்மதம் ஆகாது. ஆகவே எங்கள் பயிற்சியில் ஒருவர் ஆய்வாளராகவும் ஒருவர் ஊராளாகவும் நடித்து, "வேண்டாம்" என்று சொல்லிப் பழகுகிறோம். அதைச் சொல்ல எங்கள் சனத்துக்கு எவ்வளவு கஷ்டம் என்று பார்த்தால்தான் தெரியும். யோசிப்பம், பாப்பம், அவரிட்டக் கேட்டுச் சொல்லுறன் என்று எல்லாம் வரும், வேண்டாம் மட்டும் வராது. மூன்றாவது தடவையில் ஒரு வயதான அம்மா நிமிர்ந்து இருந்து, "எனக்கு விருப்பமில்லை, தம்பி" என்று சொன்னபோது மண்டபமே கைதட்டியது.

மாட்டேன் என்றால் கிளினிக்கில் குறை வைப்பார்களா?

வைக்கக்கூடாது. ஆய்வில் சேராததற்காகவோ விலகியதற்காகவோ உங்கள் வழக்கமான சிகிச்சை ஒரு துளியும் குறையக்கூடாது என்பது அடிப்படை விதி, படிவத்திலும் அது எழுதியிருக்கவேண்டும். ஆனால் மருந்து எழுதுகிற அதே டொக்டர் ஆய்வுக்கும் கேட்டால் இல்லை என்று சொல்வது லேசில்லை. அப்படியான இடத்தில் சிகிச்சையோடு தொடர்பில்லாத ஒருவரைக் கொண்டு சம்மதம் கேட்பதுதான் முறை. பங்காளியாக மேசையில் இருக்கும்போது முதலில் எழுப்பவேண்டிய விடயங்களில் இது ஒன்று.

ஆய்வு ஒழுங்காக நடக்கிறதா என்று யார் பார்க்கிறார்கள்?

மனிதர் சம்பந்தப்பட்ட ஆய்வு தொடங்க முன் நெறிமுறைக் குழு ஒன்றின் அனுமதி வேண்டும். மருத்துவ பீடங்களில் இப்படியான குழுக்கள் இருக்கின்றன. அவற்றில் மருத்துவரும் விஞ்ஞானியும் மட்டும் இருக்கக்கூடாது, துறைசாராத சாதாரண ஆள் ஒருவரும் இருக்கவேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டல். அந்தக் கதிரையில் இருக்கத் தகுதியான ஆட்கள் எங்கள் மாவட்டத்திலிருந்தும் வரவேண்டும் என்பது என் ஆசை.

புது மருந்து என்றால் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையும் பார்க்கும், அது 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தது. சோதனை ஆய்வுகளைப் பதியும் இலங்கைப் பதிவேடு ஒன்று 2006 முதல் இருக்கிறது, யாரும் இணையத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். வகுப்பில் ஒவ்வொருவரும் கையிலுள்ள போனில் ஒரு ஆய்வைத் தேடி எடுத்துத்தான் வீட்டுக்குப் போவார்கள்.

எங்கள் விடயம் வெளியில் போகாதா?

பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று ஆய்வாளர்கள் நினைப்பதுண்டு. கொழும்பில் அது போதுமாக இருக்கலாம். ஒரு கிராம சேவகர் பிரிவின் பெயரைப் போட்டு, நாற்பது வயது, கணவர் இல்லை, மூன்று பிள்ளை, கிட்னி வருத்தம் என்று எழுதினால் பெயர் எதற்கு? தேத்தண்ணிக் கடையில் இருக்கிறவர்கூடச் சொல்லிவிடுவார் அது யார் வீடு என்று. இதைப் பிடித்துச் சொல்ல உள்ளூர் ஆளால்தான் முடியும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உடல்நலத் தகவலை விசேடமாகக் காக்கவேண்டிய வகையில் வைத்திருக்கிறது.

எங்கள் பயிற்சி பெற்றவர்களுக்கும் இதே விதிதான். மேசையில் கேட்டதை வாசலில் விட்டுவிட்டுப் போகவேண்டும். கிளினிக் கொப்பியை வகுப்புக்குக் கொண்டுவரவேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான்.

காசு தருவார்களா?

வகுப்புக்கு நாங்கள் காசு வாங்குவதும் இல்லை, கொடுக்க எங்களிடம் இருப்பதும் இல்லை. தேத்தண்ணியும் பணிசும் உண்டு. ஆய்வு ஒன்றில் பங்காளியாகச் சேர்ந்தால் பஸ், ஓட்டோச் செலவையும் ஒரு நாள் உழைப்பை விட்டு வந்ததற்கான தொகையையும் கேட்க வெட்கப்படாதீர்கள். மற்ற எல்லோரும் சம்பளத்தில் இருக்கிற கூட்டத்தில் கூலி வேலைக்காரர் மட்டும் கைக்காசில் வந்து போவது நியாயம் இல்லை. ஆனால் ஆபத்து உள்ள ஆய்வு ஒன்றில் சேரப் பெருந்தொகை தருகிறோம் என்று யாராவது வந்தால் நின்று யோசியுங்கள்.

எப்போது வகுப்பு? எங்களுக்கு நேரம் இல்லையே.

ஆறு வகுப்பு, ஒவ்வொன்றும் இரண்டு மணித்தியாலம். கடலுக்குப் போகிறவர்களுக்கு வாடைக்காற்றில் வள்ளம் கரையில் நிற்கிற மாதங்களில் வைக்கிறோம். தம்பலகாமத்தில் பெரும்போக அறுவடை முடிந்த பிறகு. வெள்ளிக்கிழமை மதியம் எங்கும் இல்லை. ஆய்வாளர்களும் இந்த நாட்காட்டியைப் பழகவேண்டும். இரவெல்லாம் வலை இழுத்துவிட்டு வந்து படுத்தவரைக் காலை ஒன்பது மணிக்கு எழுப்பிப் பிரஷர் பார்த்தால் வருகிற எண்ணை யார் நம்புவது? நோன்பு காலத்தில் விடியச் சஹர் சாப்பிட்டவரை "வெறும் வயிற்றோடு வாங்கோ" என்று எட்டு மணிக்கு அழைத்தால் அது எட்டு மணித்தியாலம் சாப்பிடாத இரத்தம் ஆகாது. கிண்ணியா ராத்தா ஒருவர் சொல்லித்தான் எனக்கே இது உறைத்தது.

பெண்கள் வரலாமா? வீட்டில் ஏதும் சொல்வார்களோ?

எங்கள் வகுப்புகளில் பெண்கள்தான் அதிகம். மாதர் சங்கம் மூலமாகவோ, நாலு பேர் சேர்ந்தோ வாருங்கள், கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு வாருங்கள். பெண்கள் மட்டும் இருக்கிற வகுப்பு வேண்டுமென்றால் அதையும் வைப்போம். குடும்பக் கட்டுப்பாடு பற்றிய கேள்வியை மாமியார் கேட்டுக்கொண்டிருக்கிற விறாந்தையில் வைத்துக் கேட்கக்கூடாது என்பது போன்ற விடயங்களைப் பெண்கள் சொன்னால்தான் ஆய்வாளருக்குத் தெரியவரும்.

தமிழில் மட்டுமா?

தமிழில் நடத்துகிறோம். சிங்களம் பேசுகிறவர்களுக்குச் சிங்களத்தில் சொல்லித்தர இருவர் இருக்கிறார்கள். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் பெருந்தொகையாக வாழும் மாவட்டத்தில் ஒரு சமூகத்தை மட்டும் கேட்டுவிட்டு மாவட்டத்து முடிவு என்று எழுத முடியாது.

முன்பும் வந்து எழுதிக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. இப்போது எதற்கு நம்பவேண்டும்?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வது எனக்குக் கஷ்டம், ஏனென்றால் நானும் அவர்களில் ஒருத்தி. 2004 டிசம்பர் 26 கடல் வந்த பிறகு எங்கள் முகாமுக்கு எத்தனையோ பேர் தாள்களோடு வந்தார்கள். ஒரு பிள்ளை என் பக்கத்தில் ஒன்றரை மணித்தியாலம் இருந்து எல்லாம் கேட்டது. நித்திரை வருகிறதா, கனவு வருகிறதா, யாரை இழந்தீர்கள், அப்போது எங்கே நின்றீர்கள். நான் ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். சொல்லி முடிய அது தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு நன்றி சொல்லிப் போனது. அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை. நான் சொன்னது எங்கே போனது, யார் வாசித்தார்கள், அதால் யாருக்கு என்ன கிடைத்தது, இன்றுவரை தெரியாது. போர்க்காலத்திலும் அதற்குப் பிறகும் இதே அனுபவம் உள்ள குடும்பங்கள் சம்பூர், மூதூர்ப் பக்கம் நிறைய.

ஆகவே நம்புங்கள் என்று நான் யாரிடமும் கேட்பதில்லை. முதல் கூட்டத்திலேயே ஆய்வாளரிடம் கேட்கவேண்டிய கேள்வியாக இதைச் சொல்லிக்கொடுக்கிறேன்: முடிவை எந்த மாதம், எந்த மண்டபத்தில், யார் வந்து சொல்வீர்கள்? பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதவையுங்கள். ஆய்வுக்கான பணத்தில் அந்த நாளுக்கு ஒரு தொகை ஒதுக்கியிருக்கிறதா என்றும் கேளுங்கள். ஒதுக்காவிட்டால் அவர்கள் வரமாட்டார்கள். மனம் நொந்த விடயங்களைக் கேட்கும் ஆய்வு என்றால், கேட்டு முடிந்த பிறகு அழுகிறவருக்கு ஆறுதல் சொல்ல யார் நிற்பார்கள் என்பதையும் கேளுங்கள்.

எதை ஆராய்வது என்று நாங்களே சொல்லலாமா?

சொல்லவேண்டும். பிரித்தானியாவில் 2004இல் தொடங்கிய ஒரு முயற்சி, நாங்கள் கதை சொல்கிற அதே ஜேம்ஸ் லிண்டின் பெயரில்தான் நடக்கிறது. நோயாளி, பராமரிப்பவர், மருத்துவர் மூவரையும் ஒன்றாக இருத்தி, விடை தெரியாத கேள்விகளில் முக்கியமான பத்தைத் தெரிவு செய்வார்கள். நாங்கள் அதைப் புளியங்கொட்டையில் செய்கிறோம். ஆளுக்கு ஐந்து கொட்டை, சுவரோரம் சிரட்டைகள், ஒவ்வொரு சிரட்டைக்குப் பின்னாலும் ஒரு கேள்வி. விரும்பினால் ஐந்தையும் ஒன்றிலேயே போடலாம்.

பதவிசிறிபுரப் பக்கத்தில் காரணம் தெரியாத சிறுநீரக நோயும் கிணற்றுத் தண்ணீரும் என்ற சிரட்டை நிறைந்துபோகும். கிண்ணியாவில் டெங்கு. 2017இல் நாடு முழுவதும் 186,000க்கு மேற்பட்டோருக்குச் சந்தேகத்துக்குரிய டெங்கு பதிவான வருடத்தில், மார்ச் மாதமே கிண்ணியா அடிபட்டுப்போனது. அங்கே ஒருவர் சொன்னதை எந்த ஆய்வாளரும் கேட்கவேண்டும். "வீட்டில் தண்ணீர் தேங்கும் பொருட்கள் உண்டா?" என்ற கேள்வி பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து கேட்கிற கேள்வி மாதிரியே இருக்கிறது. குடம்பி கண்டால் வழக்குப் போடுவார்கள் என்று பயந்த சனம் ஆய்வாளரிடமும் இல்லை என்றுதான் சொல்லும். "மழை பெய்தால் தண்ணி எங்கெங்க நிக்கும்?" என்று கேட்டுவிட்டு அவர்களோடு வளவைச் சுற்றி நடந்து பார்க்கவேண்டும்.

எங்கள் கருத்தைக் கேட்டுவிட்டு ஒரு பக்கம் போட்டுவிட்டால்?

அதுவும் நடக்கும். பேருக்கு ஒருவரைக் கூட்டத்தில் இருத்திப் படம் எடுப்பவர்களும் உண்டு. ஒரு கூட்டத்துக்கு இரண்டு பேராகப் போங்கள், தனியாள் குரல் அமுங்கிவிடும். நீங்கள் சொன்னதையும் அதற்கு அவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் இரண்டு நிரலாக எழுதித் தரச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஏற்கவேண்டும் என்றில்லை, ஏற்காததற்குக் காரணம் இருக்கவேண்டும். மூன்று கூட்டத்திலும் இரண்டாவது நிரல் வெறுமையாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

முடித்தால் சான்றிதழ், வேலை?

ஒரு கடதாசி தருவோம். வேலை இல்லை.

முதல் வகுப்புக்கு என்ன கொண்டுவரவேண்டும்?

வாசிக்கிற கண்ணாடி. மறந்து வருகிறவர்கள் அதிகம் என்பதால் நாங்களும் இரண்டு மூன்று வைத்திருக்கிறோம். அதோடு ஒரு கேள்வி, டொக்டரிடம் கேட்க நினைத்து, வரிசை நீளமாக இருந்ததால் கேட்காமல் திரும்பிவந்த கேள்வி. முதல் அரை மணித்தியாலம் அதைத்தான் ஒவ்வொருவரும் வாசிப்பார்கள். கச்சான் வெயிலில் வலை இழுக்கிறவன் எவ்வளவு தண்ணி குடிக்கவேணும் என்று ஒருவர் கேட்டார். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் மண்பானைத் தண்ணீருக்குள் வைத்த இன்சுலின் எத்தனை நாள் தாங்கும் என்று ஒரு அம்மா கேட்டார். பானைக்கு எந்த மண், பானையை எந்த மூலையில் வைப்பது, பின்னேரம் எத்தனை மணிக்குத் தண்ணீர் மாற்றுவது என்றெல்லாம் அவரிடம் ஒரு கொப்பி நிறையக் குறிப்பு இருந்தது. வெப்பமானி ஒன்று மட்டும்தான் அவரிடம் இருக்கவில்லை. அதை அடுத்த வகுப்புக்கு நான் கொண்டுபோனேன்.